சின்னபொண்ணு என்னும் கல்விச் செலவு

வேலூரில் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஓர் அலுவலகம் இருந்தது. அதில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். கொடுத்த தொகையை என்ன செய்தாய் என்று கேட்க இன்னோர் அலுவலகம் இருந்தது. அதில் பதினொரு பேர். கொடுப்பதைக் காட்டிலும் கேட்பதில்தான் வேலை அதிகம் என்று அரசாங்கம் எப்போதோ கண்டுபிடித்திருந்தது. இரண்டாவது அலுவலகத்தின் பெயர், ‘மாணவர் உதவித்தொகைச் செலவினச் சரிபார்ப்பு மற்றும் பயன்பாட்டுச் சான்று வழங்கும் அலுவலகம்’. பலகை சுவரில் அடங்காமல் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் போனது. கடைசிச் சொல்லைப் படிக்க ஆறு படி ஏறவேண்டும்.

1981 டிசம்பரில், ஆரணி நெசவாளி சவரிராஜின் மகள் ஆரோக்கியசெல்வி அந்த ஆறு படியையும் ஏறினாள். பி.எஸ்ஸி. முதல் வருஷம். தினமும் ஆரணியிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் வந்து படிக்கிற பெண். அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். செலவுப் படிவத்தில் உண்மையை எழுதிவிட்டாள்.

விஷயம் இதுதான். அவளுக்கு வருஷத்துக்கு அறுநூறு ரூபாய் உதவித்தொகை. ஆகஸ்டில் முந்நூறு வந்தது. அதை எப்படிச் செலவழித்தாள் என்று டிசம்பருக்குள் எழுதிக் கொடுத்தால் அடுத்த முந்நூறு வரும். எழுதிக் கொடுத்தது செல்லாது என்றால் முதல் முந்நூறையும் திருப்பிக் கட்டவேண்டும். கட்ட முடியாது. அப்புறம் படிப்பும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது.

சவரிராஜ் நெய்வது கரையும் உடலும் வேறு வேறு நிறமான பட்டுப்புடவை. அதற்கு ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா மூன்று வேண்டும். இரண்டை நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். வலது கரை நாடாவைத் தள்ள, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தே தீரவேண்டும். ஆள் இல்லையென்றால் தறி இல்லை, தறி இல்லையென்றால் சோறு இல்லை. பத்து வயதிலிருந்து, உள்ளூர்ப் பள்ளிக்கூட நேரம் போக, அந்த இடம் செல்வியுடையது. அவள் காலேஜுக்குக் கிளம்பியதும் இடம் காலியானது. பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு, ஐம்பது வயது, வேலை தெரிந்தவள், மாசம் அறுபது ரூபாய் கூலிக்கு வந்து உட்கார்ந்தாள். ஐந்து மாசத்துக்கு முந்நூறு. கணக்கு வாத்தியார் போட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது. காலேஜில் சம்பளம் கட்டவேண்டியதில்லை, புத்தகம் சீனியர் பெண்கள் கொடுத்தது. ஆகவே செல்வி படிவத்தில் எழுதினாள்: ‘தறியில் என் இடத்தில் உட்காரும் சின்னபொண்ணு அம்மாளுக்குக் கூலி, ரூ.300. கைநாட்டு வைத்த ரசீது இணைத்துள்ளேன்.’

அவளோடு படித்தவர்கள் யாரும் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்யவில்லை. பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு புத்தகக் கடை இருந்தது. அதில் புத்தகம் கிடையாது, பில் மட்டும் உண்டு. முந்நூறு ரூபாய்க்குப் பில் வேண்டுமென்றால் மூன்று ரூபாய். அப்பா வைத்தியத்துக்குச் செலவழித்தவர்கள், அக்கா கல்யாணத்துக்குக் கொடுத்தவர்கள், ஒரு தட்டுப் பிரியாணியும் ஒரு சினிமாவுமாகக் கரைத்தவர்கள் எல்லாரும் அந்தக் கடையில் மூன்று ரூபாய் கொடுத்துக் கல்விமான்கள் ஆனார்கள்.

மாடியில் எழுத்தர் முருகேசன் அவளுடைய படிவத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“இன்னாம்மா இது?”

“செலவு சார்.”

“அது தெரியுது. இது நிசமாவே நடந்த செலவா?”

“ஆமா சார்.”

முருகேசன் நல்ல மனிதர். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இன்னும் யாரும் பாக்கல. ஜல்தியா வேற எழுதிக் குடுத்துட்டுப் போயிடு. புக்குன்னு எழுத மனசு வரலைன்னா கொள்ளுன்னு எழுது.”

“கொள்ளா?”

அவர் விதிப்புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வெள்ளைக்காரன் காலத்தில் அச்சடித்தது. அனுமதிக்கப்பட்ட செலவுகள்: புத்தகம், மைக்கூடு, கல்வி சார்ந்த கருவிகள், குதிரையில் கல்லூரி வரும் மாணவருக்குக் குதிரைக் கொள்ளு. பஸ் கட்டணம் பட்டியலில் இல்லை. அந்தக் காலத்தில் பஸ் இல்லை, ஆகவே இந்தக் காலத்திலும் இல்லை. “இந்த வருசம் மூணு பேருக்குக் கொள்ளு பாஸ் ஆயிருக்குது,” என்றார் முருகேசன். “அதுல ஒருத்தன் ஹாஸ்டல்லயே தங்கிகினு படிக்கிறவன்.”

“எங்க வூட்ல குதிரை இல்லையே சார்,” என்றாள் செல்வி.

முருகேசன் பெருமூச்சு விட்டார். அதற்குள் அலுவலர் சக்கரவர்த்தி அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். படிவம் அவர் கைக்குப் போனது. படிக்கப் படிக்க அவர் முகம் இருண்டது.

“உள்ளே வாம்மா,” என்றார். அறையில் அவர் பேசியது அரைமணி நேரம். சாரம் மட்டும் இங்கே.

“இருபத்திரெண்டு வருஷமா இந்த ஆபீஸ்ல இருக்கேன். ஒரே ஒரு மாணவர்கூட பணத்தைத் தப்பா செலவு பண்ணதில்லை. ஏன்? அவ்வளவு கண்டிப்பு! இந்த வருஷம் நானூத்திப் பன்னெண்டு பேர். எல்லா பில்லும் ஒரே கடை, ஒரே கையெழுத்து, ஒரே தொகை. ஒழுங்குன்னா அதும்மா! நீ ஒருத்தி வந்து எல்லாத்தையும் கலைக்கிறே.”

“நான் உண்மையைத்தான் எழுதினேன் சார்.”

“அதான் பிரச்சினை. புக்குன்னா ஒரு பைல் இருக்கு. கொள்ளுன்னா ஒரு பைல் இருக்கு. உண்மைன்னு ஒரு பைல் இங்க இல்லை. இதை நான் எங்க வைப்பேன்?”

பைல் வாங்க எட்டணாதான் ஆகும் என்று செல்வி சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டாள்.

சக்கரவர்த்தி நியாயவான். எடுத்தவுடன் தள்ளிவிடவில்லை. சின்னபொண்ணுவை எந்தத் தலைப்பில் சேர்க்கலாம் என்று ஊழியர் கூட்டம் போட்டார். புத்தகமா? விலையும் பதிப்பகமும் இல்லை. மைக்கூடா? இல்லை. கொள்ளா? கொள்ளு தின்பது குதிரை, கூலி தின்பது மனுஷி, ஒத்துவரவில்லை. கடைசியில் ‘கல்வி சார்ந்த கருவி’ என்று தற்காலிகமாக வகைப்படுத்தினார்கள். ஆனால் கருவி என்றால் அதற்கென்று சட்டதிட்டம் உண்டு. மறுவாரம் செல்விக்கு ஒரு கடிதம் வந்தது. கருவியின் மேல் மஞ்சள் பெயின்டால் இருப்பு எண் எழுதப்பட வேண்டும். ஆண்டுக்குப் பத்து சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும். படிப்பு முடிந்ததும் கருவியைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். பழுதடைந்தால் ஏலம் விடப்படும். அதற்கு முன் ஜனவரி 21, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு ஆய்வுக்குழு நேரில் வரும். மாணவியும் கருவியும் ஆஜராக இருக்க வேண்டும்.

செல்வி அதைத் தறிப்பக்கத்தில் நின்று படித்துக் காட்டினாள். சின்னபொண்ணு நாடாவை நிறுத்தவில்லை.

“எம்மேல நம்பர் போடுவானா?”

“அப்படித்தான் எழுதிக்கீது பெரிம்மா.”

“வருசத்துக்குப் பத்து சதம் தேஞ்சி போவேனா? அப்படிப் பாத்தா எனக்கு அம்பது ஆவுது. எப்பவோ தேஞ்சி காணாம பூட்டிருக்கணுமே!” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் மாறியது. “தே செல்வி, என்னால உனுக்கு எதுக்குப் பேஜாரு? எல்லாரும் எழுதற மாதிரி புக்குன்னு எழுதிடு. நான் இன்னா கோச்சுக்கப் போறனா?”

சவரிராஜும் தலையாட்டினார். “சர்க்காரோட மல்லுக்கட்டி நம்மால ஆவுமா? மூணு ரூவாயோட போற விசயம்.”

மூன்று ரூபாயோடு போகிற விஷயம்தான். செல்விக்கும் அது தெரியும். பயமாகவும் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. “இல்ல நைனா. புக்குன்னு எழுதினா, பெரிம்மா அஞ்சு மாசம் குனிஞ்சி உக்காந்தது எங்க போவும்? நான் படிக்கறதே அவங்க உக்காந்ததாலதான். அதை எழுதக்கூடாதுன்னா அப்புறம் இன்னாத்த எழுதறது?” என்றாள். சின்னபொண்ணு அன்றைக்கு வழக்கத்தைவிட அரைமணி நேரம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 21 அன்று செல்விக்குக் கெமிஸ்ட்ரி பிராக்டிகல். கல்விச் செலவைச் சரிபார்க்கக் கல்வியை ஒருநாள் நிறுத்தியாகவேண்டும் என்பதால் அவள் போகவில்லை. பத்து மணிக்கு வரவேண்டிய ஜீப் ஒன்றரைக்கு வந்தது. வேலூரிலிருந்து ஆரணிக்குப் படவேடு கோயில் வழியாகச் சுற்றி வந்ததாக ஜீப்பின் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். வந்தவர்கள் நெற்றியில் அம்மன் குங்குமம் இருந்தது. சக்கரவர்த்தி முன்னால் இறங்கினார். பின்னால் பைல் கட்டோடு முருகேசன். அவருக்குப் பின்னால் மஞ்சள் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் ஏந்திய பியூன்.

தெருவே கூடிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தம் நின்றது.

சக்கரவர்த்தி தறியைச் சுற்றி வந்தார். தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த சவரிராஜைப் பார்த்தார். “இங்க கல்வி எங்க நடக்குது?”

“கல்வி வேலூர்ல நடக்குது சார்,” என்றாள் செல்வி.

“இங்க நடக்கலை?”

“இங்க நெசவு நடக்குது சார்.”

“எழுதிக்கோ முருகேசன். சம்பவ இடத்தில் கல்வி காணப்படவில்லை.”

முருகேசன் எழுதிக்கொண்டார்.

“சரி, கருவி அவசியந்தானான்னு சோதிக்கணும். அந்த அம்மா எந்திரிக்கட்டும்.” சின்னபொண்ணு எழுந்தாள். சவரிராஜ் கையை மடியில் வைத்துக்கொண்டார். “ஏன்யா நிறுத்திட்டே?”

“வலக் கரைக்கு ஆள் இல்லீங்களே.”

“மாணவி உட்காரட்டும்.” செல்வி உட்கார்ந்தாள். நாடா மூன்றும் ஓடின. சக்கரவர்த்தி முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா! வீட்டுலயே ஆள் இருக்கு. ஓசியில இருக்கு. அப்புறம் எதுக்கு முந்நூறு ரூபாய்? எழுதிக்கோ, அநாவசியச் செலவு.”

“சார், நான் இங்க உக்காந்தா காலேஜ்ல யார் சார் உக்காருவா?”

“அது கல்வித்துறை பாக்கவேண்டிய விஷயம். நாங்க செலவினப் பிரிவு,” என்றார் சக்கரவர்த்தி. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இதற்குள் பியூன் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்துக்கொண்டு சின்னபொண்ணுவிடம் வந்திருந்தான். எங்கே எழுதுவது என்று அவனுக்குச் சந்தேகம். நாற்காலி என்றால் முதுகில், பீரோ என்றால் பக்கவாட்டில். இதற்கு உத்தரவு இல்லை.

சின்னபொண்ணு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “இன்னாப்பா, நம்பர் போட வந்தியா? மொதல்ல உங்க அய்யாவுக்குப் போட்டுட்டு வா. அவரும் சர்க்காரு காசுலதான் வந்துகினு போயிகினு கீறாரு. எனக்கு மாசம் அறுபது ரூவா. அவருக்கு எவ்ளோ? பெரிய சாமானுக்கு மொதல்ல போடு.”

பியூன் விதியை யோசித்தான். அதில் தப்பு இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. பிரஷ்ஷோடு அலுவலர் பக்கம் திரும்பிப் பார்த்தான். சக்கரவர்த்தி இரண்டடி பின்வாங்கினார்.

“விளையாட்டு போதும்,” என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பஸ் ஸ்டாண்டு கடையின் பில். புத்தகங்கள், முந்நூறு ரூபாய், செல்வி பெயர். அலுவலகச் செலவிலேயே வாங்கி வந்திருந்தார்கள். “உன் மேல இரக்கப்பட்டு நானே ஏற்பாடு பண்ணிட்டேன். இதுல ஒரு கையெழுத்துப் போடு. அடுத்த முந்நூறு மாசியிலயே வந்துடும். பொய் சொல்லச் சொல்லலை. பொய் ஏற்கெனவே எழுதியாச்சு. நீ கையெழுத்துத்தான் போடறே.”

“போடலைன்னா?”

“உதவித்தொகை நிறுத்தப்படும்.”

செல்வி அப்பா முகத்தைப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். அந்த மனிதர் கண்ணாலேயே ‘போட்டுடு’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் தறிப்பக்கத்திலிருந்து எழுந்தாள்.

“நிறுத்திடுங்க சார். ஆனா ஏன் நிறுத்தறீங்கன்னு எழுதிக் குடுங்க.”

“அவ்வளவுதானே!” சக்கரவர்த்தி சிரித்தார். இருபத்திரெண்டு வருஷ அனுபவம் உள்ளவருக்கு உத்தரவு எழுதுவது பெரிய காரியமா? “முருகேசன், எழுது. மேற்படி மாணவி...”

முருகேசன் எழுதியதை வாசித்தார். “மேற்படி மாணவி போலி ரசீது அளிக்கத் தவறியதால்...”

“யோவ்! போலிங்கறதை அடி.”

“அடிச்சாச்சு சார். மேற்படி மாணவி ரசீது அளிக்கத் தவறியதால்...”

“ரசீது குடுத்திருக்கேன் சார்,” என்றாள் செல்வி. “பெரிம்மா கைநாட்டு வெச்சது.”

முருகேசன் பைலைப் புரட்டினார். “இருக்குது சார். நிசமான ரசீது. நானூத்திப் பதிமூணுல இது ஒண்ணுதான்.”

அதையும் அடித்தார்கள். “கல்வி சாராத செலவு செய்ததால்னு போடு.”

முருகேசன் பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். “சார், கொள்ளு பாஸ் பண்ணிக்கீறோம். ஆடிட்டுல வந்து, குதிரைக்குக் குடுத்தீங்க, மனுசிக்கு ஏன் குடுக்கலைன்னு கேட்டா? குதிரையைக் கொண்டாந்து காட்டுங்கன்னு கேட்டா?”

சக்கரவர்த்தி நெற்றியைத் துடைத்தார். குங்குமம் கைக்குட்டையில் வந்துவிட்டது. “மாணவியே தறியில் அமர வாய்ப்பு இருந்தும் அமராததால்னு எழுது.”

“எழுதறேன் சார். ஆனா அமர்ந்தா காலேஜுக்குப் போவ முடியாது. போவலைன்னா உதவித்தொகைக்குத் தகுதி கிடையாது. அதாவது, உதவித்தொகை வேணும்னா உதவித்தொகை வாங்காத மாதிரி நடந்துக்கணும்னு வருது. எழுதட்டுமா?”

“எழுதாதே!”

ஜீப் டிரைவர் ஒருதரம் ஹாரன் அடித்துப் பார்த்தான். சக்கரவர்த்தி தாளை வாங்கித் தானே எழுத உட்கார்ந்தார். எழுதினார், அடித்தார். எழுதினார், அடித்தார். நிறுத்துவதற்கு ஒரு காரணம் நிச்சயமாக இருந்தது. அது அவருக்கும் தெரியும், முருகேசனுக்கும் தெரியும், சுற்றி நின்ற தெருவுக்கும் தெரியும். அதை எழுதிக் கீழே கையெழுத்துப் போடத்தான் அவரால் முடியவில்லை.

“ஆபீஸ்ல போய் எழுதி அனுப்பறேன்,” என்று எழுந்தார்.

செல்வி வாசலை மறித்து நின்றாள். “இங்கயே எழுதிட்டுப் போங்க சார். என் பிராக்டிகல் போச்சு. பெரிம்மாவுக்கு அரை நாள் வேலை போச்சு. தெருவுல எல்லாத் தறியும் நின்னுகினு கீது. ஒரு வரியாவது எழுதுங்க.”

“ஆமா, எழுதிட்டுப் போ,” என்றது தெரு. வாசலுக்கு வெளியே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டில் பள்ளிக்கூடம் போகவேண்டிய பெண் ஒருத்தி வலக்கரைக்கு உட்கார்ந்திருந்தாள்.

சக்கரவர்த்தி அவசரமாக, எந்த அலுவலரும் எந்த ஆய்விலும் கைவசம் வைத்திருக்கிற வாக்கியத்தை எழுதினார். ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது. கருவி நல்ல நிலையில் உள்ளது.’ தேதி போட்டு, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார்.

செல்வி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “கருவின்னு இல்ல சார். அவங்களுக்குப் பேர் கீது.”

அவர் அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அடித்துத் திருத்தினார். ‘சின்னபொண்ணு அம்மாள் நல்ல நிலையில் உள்ளார்.’ திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தார், விதி அப்படி. ஜீப் கிளம்பியது. மஞ்சள் பெயின்ட் வழியெல்லாம் சிந்திக்கொண்டு போனது.

நல்ல நிலையில் உள்ளதாக அலுவலரே சான்றளித்த ஒன்றுக்கு ஆன செலவை அந்த அலுவலகத்தில் யாராலும் தள்ள முடியவில்லை. மார்ச்சில் இரண்டாவது முந்நூறு வந்தது. விளக்கமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. சின்னபொண்ணு அன்றைக்கே கூலியில் எட்டு ரூபாய் ஏற்றிக் கேட்டாள். “சர்க்காரே வந்து பாத்து எழுதிக் குடுத்துட்டுப் போன ஆளு நானு. பழைய ரேட்டுக்கு வருமா?” சவரிராஜ் முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார்.

அடுத்த டிசம்பரில் புதுப் படிவம் வந்தது. அதன் அடியில் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘செலவினமாக மனிதர்களைக் காட்டுதல் கூடாது.’ செல்வி அதைப் பொறுமையாகப் படித்தாள். பிறகு செலவுப் பத்தியில் முன்பு எழுதியதையே எழுதினாள், புதுக் கூலியோடு. அந்த வருஷம் அதே தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் காலேஜில் சேர்ந்திருந்தார்கள். அவர்களும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் தறியில் உட்கார்கிறவர்களின் பெயரை எழுதினார்கள். கன்னியம்மாள். விருத்தாம்பாள்.

கடைசியில் ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் யாரும் எழுதக்கூடாது. செல்வி எழுதினாள்:

‘சந்தேகம் இருந்தால் மூன்று தறிக்கும் நேரில் வரலாம். வருகிற அன்றைக்குத் தறி நிற்கும். மூன்று பேருடைய அன்றைய கூலியையும் முன்கூட்டியே கட்டிவிட்டு வரவும். ரசீது தருவோம்.’